பச்சை ஜெலிக்குள் இறால்

கோட்டை, சதாம் வீதி, மூன்றாம் மாடி.
ஓடாத விசிறிக்குக் கீழே என் மேசை.
அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் விளம்பரங்களுக்குத்
தமிழ் போடுவது வேலை.
சொல்லுக்கு மூன்று சதம்.
ஆச்சரியக்குறிக்குக் காசில்லை,
அதைத்தான் அவர்கள் அள்ளி அள்ளிக் கேட்டார்கள்.

முதல் நாள் வந்தது ஒரு பச்சை மலை.
கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, நடுவில் ஓட்டை.
உள்ளே இறால்கள்,
நீந்தப் புறப்பட்டு
ஏதோ யோசனையில் நின்றுவிட்டவை போல.
தோடம்பழச் சுளை, அரிந்த கோவா,
உச்சியில் மயோனைஸில் ஒரு ரோசாப்பூ.
சாலட் என்று போட்டிருந்தது.
தேசிக்காய் வாசமாம். இனிக்குமாம்.
அகராதியைத் திறந்தேன்.
அது என்னைத் திருப்பிப் பார்த்தது.

கூழ் என்று எழுதினேன்.
இறால் போட்ட கூழ் எங்களுக்கும் உண்டுதானே.
ஆனால் இது குளிர்ந்த கூழ், இனிக்கிற கூழ்,
எழுந்து நிற்கிற கூழ்.
வான் ட்வெஸ்ட் துரை மூக்கைச் சுளித்தார்:
"கூழ் ஏழைச் சாப்பாடு அல்லவா?"
பின்னேரம் நாலு மணிக்கு
'ஆடும் அமுதம்' பிறந்தது.
இரண்டு சொல். ஆறு சதம்.

பிறகு ஒருத்தி வந்தாள்.
முத்துமாலை, குதி உயர்ந்த சப்பாத்து,
கையில் தரை துடைக்கும் தடி.
வீட்டு வேலை இனி வேலையே அல்ல!
அச்சுப்படியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
கொட்டாஞ்சேனைக் குசினியில் குந்தியிருந்து
சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்த ஞானசீலி
செதிள் ஒட்டிய விரலால் தாளைத் தொடாமல்
எட்டிப் பார்த்தாள்.
"இவ ஆரைப் பார்த்துச் சிரிக்கிறா?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் ஒரு டயர் இருந்தது.

பங்குனியில் குளிர்சாதனப் பெட்டிக்குப் படம் பிடித்தோம்,
பம்பலப்பிட்டியில், தகரக் கூரை ஸ்டூடியோவில்.
பெட்டி இன்னும் கப்பல் ஏறவில்லை.
மொரட்டுவைத் தச்சன் ஒருவன்
அலுமாரிக்கு வெள்ளை அடித்துத் தந்தான்.
உள்ளே சாந்தில் வார்த்த பன்றித் தொடை,
மெழுகுச் செரி,
சப்பாத்துப் பொலிஷ் பூசிய கோழி.
எறும்புகள் வரிசையாக வந்தன,
தொடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டன,
திரும்பிப் போய்விட்டன.
எங்கள் விளம்பரத்தைப் படித்து
ஏமாறாத ஒரே வாசகர்கள்.

தட்டெழுத்து எஸ்மிக்குச் சேலை கட்டி நிறுத்தினார்கள்.
வேர்வை தாங்காமல் அவள்
கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள்.
அங்கே வெளியை விடச் சூடு.
ஆனாலும் படத்தில் அவள் முகம்
நுவரெலியாவில் விடிந்த முகம்.
எப்படி என்று கேட்டேன்.
"சம்பள நாளை நினைச்சேன்" என்றாள்.

மாதிரிக்கு வந்த ஜெலிப் பக்கற் ஒன்றை
நான் களவாக வீட்டுக்குக் கொண்டுபோனது
துரைக்குத் தெரியாது.
ஞானசீலி கரைத்தாள்.
நான் சென் ஜோன்ஸ் மீன் சந்தைக்கு ஓடி
உமிக்குள் சுற்றிய ஐஸ் கட்டி வாங்கி வந்தேன்.
கோப்பையை அதற்குள் இறக்கி
இருவரும் காவல் இருந்தோம்,
பிள்ளைப் பேற்றுக்குக் காத்திருப்பது போல.

உறைந்தது! பாதி.
கவிழ்த்ததும் பீங்கானில் நடுங்கி நின்றது,
எதற்கோ பயந்த பச்சை விலங்கு.
வாயில் வைத்தால்
தேசிக்காய், சீனி, அதற்குப் பின்னால்
தெளிவாக ஒரு பாரை மீன்.
ஐஸ் எந்த மீனின் மேல் கிடந்து வந்ததோ.
இறால் போடாமலே இறால் சாலட்.
என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை
விளம்பரம் சொன்னபடி நடந்தது.

ஞானசீலி சிரித்தாள்.
பல்லெல்லாம் பச்சை.
ஆரைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை.
எதிரில் நான்தான் இருந்தேன்,
எனக்குப் பின்னால் டயர் எதுவும் இல்லை.
மிச்சம் உருகியதைப்
பக்கத்து வீட்டுப் பொடியன் குடித்துவிட்டு
நாளைக்கும் செய்வீர்களா என்றான்.

திங்கட்கிழமை மேசையில்
டின்னுக்குள் அடைத்த ஒரு முழுக்கோழி.
எலும்பு, தோல், கழுத்து எல்லாம் உள்ளேயாம்.
ஆச்சரியக்குறியை முதலில் போட்டேன்.
பிறகு சொல்லைத் தேடத் தொடங்கினேன்.